ஊருக்கு ஒரே கட்டில்

அத்தியாயம் பதினொன்று

கீழே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அம்மா அசையவில்லை.

காலையில் எங்கே உட்கார்ந்தாளோ அங்கேயேதான் இருந்தாள். காலிக் கூடத்தின் நடுவில், டிவிக்கு முன்னால், வெறுந்தரையில். சோபா போய்விட்டது. அலமாரி போய்விட்டது. ஜன்னல் திரை கூடப் போய்விட்டது. வாடகை வீட்டைச் சாயங்காலத்துக்குள் ஒழித்துச் சாவியைக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்குமாகப் பெரியவள் தன் வீட்டில் ஒரு அறையைக் காலி பண்ணி, பெயின்ட் அடித்து வைத்திருந்தாள். எல்லாம் பேசித் தீர்ந்த விஷயம். அதை அம்மா ஒரே வாக்கியத்தில் கலைத்துப் போட்டாள்.

"மெஷினை அணைக்கணும்னா நான் வரலை."

மெஷின் என்றால் அந்த வீட்டில் ஒன்றுதான். டிவிக்குக் கீழே, ஒரு காலத்தில் கறுப்பாக இருந்து இப்போது என்ன நிறமென்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்த கேம் மெஷின். சின்னவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அடம்பிடித்து வாங்கியது. அவனுக்கு ஒரு வருஷத்தில் சலித்துவிட்டது. அம்மா பிடித்துக்கொண்டாள்.

அவள் ஆடியது ஒரே விளையாட்டுதான். ஒரு தீவு. கையில் ஒரு கோடரி. மரம் வெட்டலாம், கல் உடைக்கலாம், கட்டலாம். சண்டை இல்லை, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை. ஹோட்டலில் அறை சுத்தம் பண்ணும் வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு அம்மா தீவுக்குப் போய்விடுவாள். கூப்பிட்டால் "ம்" என்பாள். அந்த "ம்" தீவிலிருந்து வரும்.

ஆரம்பத்தில் ஒரு முறை கரண்ட் போனது. திரும்பி வந்தபோது அவள் கட்டிய ஒன்றுமே இல்லை. வெறும் கரையும் கோடரியும்தான் இருந்தன. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, 'தொட்டால் கை இருக்காது' என்று எழுதினாள். அதற்குப் பிறகு அந்த மெஷின் அணைந்ததே கிடையாது. வேலைக்குப் போகும்போது ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைப்பாள், அவ்வளவுதான். பெரியவள் வேலைக்குப் போன பிறகு அப்பா எங்கிருந்தோ ஒரு யூபிஎஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார். சின்னவன் கல்லூரி முடித்தான், பெரியவள் தனி வீடு எடுத்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

பெரியவளுக்கு இது பொறுக்காது. அவளுடைய தொழில் அப்படி. ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மெஷின், ஸ்கேன் மெஷின் பார்க்கிற வேலை. பழுது பார்ப்பது பாதி, இது தேறாது என்று தீர்ப்புச் சொல்வது மீதி. தேறாததன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள்: 'பயன்பாட்டிற்கு அல்ல'. ஒட்டிவிட்டால் அப்பீலே கிடையாது. தம்பி அவளுக்கு வைத்த பெயர் எமன்.

அன்று காலை வந்ததும் அவள் முதலில் செய்த காரியம், மெஷினின் மண்டையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியதுதான். டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஸ்டிக்கரைக் காணவில்லை. அம்மா மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமான் தூக்க வந்த ஆட்கள் பெரியவளைப் பார்த்து ஏனோ சிரித்துக்கொண்டார்கள்.

"சரிம்மா, முறையா பேசிடுவோம்." பெரியவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இதுக்கு என்னென்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல."

"விசிறி சத்தம்?"

"கொஞ்சம் கரகரங்குது. உங்கப்பா குறட்டையை விடக் கம்மிதான்."

அப்பா சமையலறை வாசலில் நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கக் கார் நிறுத்துமிடத்தில் காவல், பகலெல்லாம் வீட்டில் தூக்கம் என்று முப்பது வருஷம் ஓட்டிய மனுஷன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"வேற?"

அம்மா தயங்கினாள். "கொஞ்சம் மறதி இருக்கு."

"மறதின்னா?"

"பலகை வெட்டி அடுக்கி வச்சிருப்பேன். மறுநாள் வந்து பார்த்தா குறைஞ்சிருக்கும். அப்புறம், பொழுது மாறிப்போகுது. தீவுல சாயங்காலமா இருக்கறப்ப நிறுத்தி வச்சிட்டு வேலைக்குப் போவேன். வந்து பார்த்தா விடிஞ்சு கிடக்கும். எப்பவும் இல்ல. அப்பப்ப."

பெரியவள் தொடையில் தட்டினாள். "மெமரியும் போச்சு, கடிகாரமும் போச்சு. இதைத்தானே சொல்றேன்! பார்ட்ஸ் கடையில கிடைக்காத அன்னைக்கே ஒரு மெஷின் முடிஞ்சதும்மா. இது முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. நீ சடலத்துக்குக் கரண்ட் குடுத்துட்டிருக்க."

"எமன் பேசுது பாரு." சின்னவன் பாத்திர மூட்டையைத் தோளில் வைத்தபடி உள்ளே வந்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். மூட்டையை அவன் கீழே போட்ட விதத்தில் ஏதோ ஒன்று உடைந்தது. "மனுஷனுக்கு மறதி வந்தா மண்டையில ஸ்டிக்கர் ஒட்டுவியா? இந்த மெஷினுக்கு இன்னும் எவனோ ஒருத்தன் புதுசு புதுசா கேம் எழுதிட்டிருக்கான், தெரியுமா? போன மாசம்கூட ஒண்ணு வந்தது. ஒரு ஆள் நினைச்சிட்டிருக்கற வரைக்கும் எதுவும் முடியலை."

"ஒரு கிறுக்கன் எழுதறான்னு நான் ஆஸ்பத்திரியில சொல்ல முடியுமா? சார், இந்த எக்ஸ்ரே மெஷினை ஒரு கிறுக்கன் நினைச்சிட்டிருக்கான், அதனால மாத்த வேண்டாம்னு?"

"எக்ஸ்ரேயையும் கேமையும் ஒண்ணா வைக்காதக்கா."

"எல்லாம் மெஷின்தான். அப்பா, நீங்க சொல்லுங்க. இது முடிஞ்சதா இல்லையா?"

அப்பா கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றினார். "என்னை ஏன் இழுக்கறீங்க? எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

அம்மாதான் முடிவாகச் சொன்னாள். "பார்ட்ஸ் கிடைக்குதா, எவன் எழுதறான், அதெல்லாம் எனக்கு வேண்டாம். தீவுல, படித்துறையில இன்னும் எனக்கு வேலை பாக்கி இருக்கு. வேலை பாக்கி இருக்கற இடத்தை முடிஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவ?"

வேன் மறுபடி ஹாரன் அடித்தது.

வழி சொன்னது சின்னவன்தான். "அணைக்காமலேயே தூக்கிட்டுப் போனா என்ன? ஐசியூ பேஷன்டை மாத்தற மாதிரி. யூபிஎஸ் ஒருத்தர், மெஷின் ஒருத்தர்."

மூன்று பேரும் பெரியவளைப் பார்த்தார்கள். அவள் யூபிஎஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் கிழிந்துபோன சிவப்பு ஸ்டிக்கரின் ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளே எப்போதோ ஆஸ்பத்திரியில் தீர்த்துக்கட்டிய பெட்டி. அப்பா அதைக் குப்பையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எண்களைப் பார்த்தாள், மனதுக்குள் கணக்குப் போட்டாள். "வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்," என்றாள்.

"நிச்சயமா?"

"என் தொழில்மா இது."

அம்மா முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "அப்படின்னா ஒரு நிமிஷம் இரு. டிவியைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. நீயும் பாரு."

பெரியவள் அந்தத் திரையை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமும் அவள் பார்த்தது அம்மாவின் முதுகைத்தான்.

திரையில் ஒரு தெரு விரிந்தது. சாதாரணத் தெருதான். ஆனால் நடக்க நடக்க அது முடியவில்லை. கல் பாவிய தரையில் தண்ணீர் ஓட ஓரத்தில் வாய்க்கால் வெட்டியிருந்தது. வாய்க்காலுக்கு மேல் வீட்டுக்கு வீடு ஒரு கல்பலகை. ஒரு ஜன்னலைப் போல இன்னொரு ஜன்னல் இல்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள் அம்மா. மேசை, நாற்காலி, அடுப்பு, அடுப்புக்கு மேலே புகை போக ஓட்டை. மாடிப்படி திரும்பும் இடத்தில் கை வைக்க ஒரு கட்டை. யாரும் ஏறப் போவதில்லை, ஆனாலும் கட்டை இருந்தது.

"கட்டில் எங்கம்மா?"

"கட்டிலா?" அம்மா சிரித்தாள். "நாள் முழுக்க அடுத்தவன் கட்டிலை விரிச்சிட்டு வரேன். இங்கயும் கட்டிலா? என் ஊர்ல கட்டிலே கிடையாது. யாரும் தூங்க வேண்டாம்."

"அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"போனதில்ல. அது அப்படியே இருக்கட்டும். ஊருக்கு ஒரு முதுகு வேணும்."

படித்துறையின் கடைசிப் படிக்கு வந்து அம்மா நின்றாள். ஒரு விளக்கை எடுத்து அங்கே வைத்தாள். தண்ணீரில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்தி, கன்ட்ரோலரைப் புடவை முந்தானையில் துடைத்தாள்.

"இப்ப கழட்டு," என்றாள்.

படி இறங்கியதை ஒரு ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் சின்னவன், கையில் மெஷின். பின்னால் அப்பா, தோளில் யூபிஎஸ். நடுவில் தொப்புள்கொடி மாதிரி ஒரு வயர். கரண்டிலிருந்து பிடுங்கிய கணத்திலிருந்தே யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது.

"ஏர்போர்ட்ல எறியற மாதிரி எறிஞ்சே, கொன்னுடுவேன்," என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"அம்மா, நான் எறியறதெல்லாம் போய்ச் சேருது."

வேன் டிரைவர் கதவைத் திறந்தவர் இரண்டு அடி பின்னால் போனார். "என்னங்க இது, வெடிகுண்டா?"

"எங்கம்மாவோட ஊருங்க," என்றான் சின்னவன்.

வேனுக்குள் அம்மா மெஷினை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் நெற்றியில் எரிந்த பச்சை விளக்கின் மேல் வெயில் படாமல் கையைக் கவித்துப் பிடித்திருந்தாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

கீச் கீச் சத்தம் நெருங்க ஆரம்பித்தது. பெரியவள் யூபிஎஸ்ஸின் மேல் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது. மனதுக்குள் போட்ட கணக்கை மறுபடி போட்டாள். புது பேட்டரிக்கான கணக்கைக் கிழட்டுப் பேட்டரிக்குப் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் செய்யாத தப்பு. ரோஷத்தில் செய்துவிட்டாள்.

"அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

கீச் சத்தம் ஒரே நீளமாக இழுத்து, நின்றது. மெஷினின் விசிறி இரண்டு சுற்று தள்ளாடி அடங்கியது.

அந்தக் கரகரப்பு நின்ற பிறகுதான், இத்தனை வருஷமும் அது தங்கள் காதில் இருந்தது அவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் சண்டை போட்டதும் சிரித்ததும் பரீட்சைக்குப் படித்ததும் எல்லாம் அதற்கு மேலேதான். இப்போது வேனுக்குள் வெளி ஹாரன்கள் மட்டும் கேட்டன.

அம்மா கையை எடுத்தாள். பச்சை விளக்கு இல்லை. திரும்பவும் கையை வைத்தாள்.

"சூடு இன்னும் இருக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திட்டியிருந்தால் பெரியவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"விடும்மா," என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "ஒண்ணும் ஆகியிருக்காது."

பெரியவள் சீறினாள். "உங்களுக்கு என்னப்பா தெரியும்? சும்மா இருங்க."

அப்பா சும்மா இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா மெஷினைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். கழுவி வைத்த கப்புகளை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அப்பா மீதிப் பெட்டிகளைக் கொண்டுவரக் கீழே இறங்கினார்.

"எமனே," என்றான் சின்னவன் மெதுவாக. "திரும்பு."

அவள் முதுகிலிருந்து எதையோ பிய்த்து எடுத்துக் காட்டினான். சிவப்பு ஸ்டிக்கர். 'பயன்பாட்டிற்கு அல்ல'. காலையிலிருந்து அதைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் நடந்திருக்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஸ்டிக்கரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். திருப்புளியை எடுத்து மெஷினைத் திறந்தாள். உள்ளே கம்பளி மாதிரி தூசி. ஊதாமல், தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். விசிறியை விரலால் சுற்றிவிட்டாள். டிவியோடு இணைத்தாள். பிளக்கில் அம்மா ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. 'தொட்டால் கை இருக்காது.' பெரியவள் தொட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விசிறி கரகரவென்றது. திரை வெளுத்தது. இன்றைக்கு என்ன தேதி என்று மெஷின் கேட்டது. சின்னவன் தேதியைப் போட்டான். சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது: 'கடைசியாகத் தூங்கிய இடத்திலிருந்து தொடர்கிறது.'

அதன் பிறகு ஒரு அறை.

தாழ்வான கூரை. ஜன்னலே இல்லை. சுவரோரமாக ஒரு கட்டில், ஒற்றை ஆள் படுக்கிற அளவு. தலைமாட்டில் ஒரு விளக்கு. வேறு எதுவும் இல்லை.

"அம்மா! இங்க வா!"

ஈரக் கையோடு அம்மா வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் இறங்கியது.

"இது என் வீடு இல்ல," என்றாள். "என் ஊர்ல கட்டில் கிடையாதுன்னு சொன்னேனே."

சின்னவன் அறைக் கதவைத் திறந்தான். வெளியே புல் சரிவு. சரிவுக்குக் கீழே கடல். ஒரு சுவர் இல்லை, ஒரு கல் இல்லை. மேகம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் புதுசா ஆரம்பிச்சிடுச்சு போல," என்றான்.

பெரியவள் வாயைத் திறந்தாள். எத்தனையோ மெஷின்களுக்கு, எத்தனையோ டாக்டர்கள் முன்னால், அலட்சியமாகச் சொன்ன வார்த்தைதான். இப்போது அது நாக்கில் வரவில்லை.

"அம்மா, முடிஞ்..."

"குடு அதை." அம்மா கன்ட்ரோலரை வாங்கினாள். திரைக்கு அருகே குனிந்தாள். "இந்தப் புல்லைப் பாரு. நடந்து நடந்து தேஞ்சிருக்கு. புது எடத்துல ஏது ஒத்தையடிப் பாதை?"

பாதை வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் மேலே ஏறியது. அம்மா ஏறினாள். மேடு செங்குத்தாக இருந்தது. ஏற ஏற வெளிச்சம் மங்கியது. திரையில் சாயங்காலம் வந்து, அதுவும் போய்க்கொண்டிருந்தது. புல்லில் அடி வைக்கிற சத்தமும் விசிறியும் மட்டும். உச்சிக்கு இன்னும் கொஞ்சம் தூரம். பாறை. மறுபடி புல். பிறகு வானம்.

அம்மாவின் கட்டைவிரல் நின்றுவிட்டது.

கீழே ஊர் இருந்தது.

முழு ஊரும். இருட்டில், ஒரு விளக்கு விடாமல் எரிந்துகொண்டு. தெருக்கள் மலையடியிலிருந்து புறப்பட்டு, வளைந்து, பிரிந்து, திரும்பச் சேர்ந்து, எல்லாமே கடைசியில் படித்துறையில் போய் இறங்கின. கூரைகள் ஒன்றன் பின் ஒன்றாக அலை மாதிரி போயின. கோபுரம், அதற்கு அப்பால் பாலம், பாலத்துக்கு அப்பால் பெரியவள் காலையில் பார்க்காத இன்னொரு பாதி ஊர், அதற்கும் அப்பால் திரை எட்டாத இடத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். கிழட்டு மெஷினுக்கு இவ்வளவையும் ஒரே தடவையில் வரைய மூச்சு வாங்கியது. தூரத்து விளக்குகளை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தது. அணைந்த ஊருக்கு யாரோ வீடு வீடாகப் போய் விளக்கு ஏற்றுகிற மாதிரி இருந்தது.

பெரியவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது. ஸ்கேன் மெஷினில் முதல் முறையாக ஒரு இதயம் அடித்துக்கொள்வதைப் பார்த்த அன்று இப்படி நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு எதையும் பார்த்து வாயடைத்து நின்றதாக நினைவில்லை. அறை சுத்தம் பண்ணிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கால் வீங்கி உட்காருகிற ஒருத்தி, யாரும் பார்க்காதபோது, ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லாக வைத்தது இது. நாங்கள் அந்த நேரம் முழுக்க அவளிடம் சட்டை எங்கே, சீப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் வாயைத் திறந்தபடிதான் இருந்தாள். அவளும் இதை இப்போதுதான் பார்க்கிறாள். தெருவுக்குள் நின்று தெருவைக் கட்டியவள். மேலிருந்து பார்த்ததே இல்லை.

"இவ்வளவா?" என்றாள்.

"அம்மா," என்றான் சின்னவன். "இதெல்லாம் நீயே கட்டினதா?"

"வேற யாரு, உங்கப்பனா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தார்கள்.

சிரிப்பை முதலில் நிறுத்தியது அம்மா. "படித்துறையில இருட்டா இருக்கு பாரு. காலையில உன் முன்னாடி வச்சேனே, அந்த விளக்கு இல்ல."

பெரியவள் நிமிர்ந்தாள். "அது மட்டும்தான் இல்லையா?"

"மத்ததெல்லாம் இருக்கு. முந்தாநாள் வரைக்கும் வச்சதெல்லாம் இருக்கு. நேத்து ராத்திரி மூட்டை கட்டவே சரியாப்போச்சு."

பெரியவளின் மண்டைக்குள் ஒவ்வொன்றாகச் சேர ஆரம்பித்தது. கடைசியாகத் தூங்கிய இடத்திலிருந்து. அப்படியென்றால் கட்டிலில் படுத்தால்தான் இந்த மெஷின் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். அம்மா ஊரில் கட்டிலே வைக்கவில்லை. அதனால்தான் முதல் தடவை கரண்ட் போனபோது மொத்தமும் போனது. இத்தனை வருஷமாக அம்மா அந்த ஊரைக் காப்பாற்றியது பிளக்கில் ஒட்டிய ஒரு டேப்பால். இன்றைக்கு அதைக் காப்பாற்றியது டேப் இல்லை, யூபிஎஸ் இல்லை, இவளுடைய தொழிலும் இல்லை. அந்த ஊருக்கே இருந்த ஒரே ஒரு கட்டில்.

அதில் நேற்று யாரோ படுத்து எழுந்திருக்கிறார்கள்.

"அம்மா, பலகை குறைஞ்சுதுன்னியே. பொழுது மாறிப்போச்சுன்னியே." பெரியவள் மெதுவாகச் சொன்னாள். "அது மெஷினுக்கு மறதி இல்லம்மா. நான் தப்பா சொல்லிட்டேன். அது ஆள் வேலை."

"எந்த ஆள்?"

நேற்று அம்மா ஹோட்டலில். சின்னவன் விமான நிலையத்தில். பெரியவள் ஆஸ்பத்திரியில். பகலில் வீட்டில் இருப்பவர் ஒருத்தர்தான். தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தர். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

அம்மா ஊரைப் பார்த்து இறங்கவில்லை. திரும்பி, வந்த பாதையிலேயே நடந்தாள். ஜன்னல் இல்லாத அந்த வீட்டை ஒரு சுற்று சுற்றினாள். கதவு ஊருக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து வைத்திருந்தது. வாசலிலிருந்து இன்னொரு பாதை கரைக்கு இறங்கியது. சின்னவன் கதவைத் திறந்தபோது இருந்த அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கரையில், பாறை மறைவில், ஒரு படகு.

பாதிதான் கட்டியிருந்தது. விலா எலும்பு மாதிரி கட்டைகள், ஒரு பக்கத்துக்கு மட்டும் பலகை. ஆனால் வேலை சுத்தம். இணைப்புகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. அம்மாவின் மாடிப்படிக் கட்டையைப் போலவே, யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே யாரோ பார்த்துப் பார்த்துச் செய்தது. நடுவில் ஒரு இருக்கை.

ஒன்றுதான்.

"என் பலகை எல்லாம் இங்கதான் வந்திருக்கு," என்றாள் அம்மா.

வாசலில் மூச்சு வாங்கும் சத்தம். கடைசி அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். படியேறி வந்த வேர்வை நெற்றியில். அவர் பார்வை திரைக்குப் போனது, படகில் நின்றது, அங்கிருந்து வரவில்லை.

"அது இன்னும் முடியலை," என்றார்.

அம்மா திரும்பவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்க போறதுக்குங்க?"

அப்பா பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். பெட்டி கனத்தது, இறக்கி வைக்க அவருக்குத் தோன்றவில்லை. பெரியவள் எழுந்து போய் வாங்கியிருக்கலாம். அவளும் எழவில்லை. மெஷின் மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.